விரல் காட்டிய இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்: பிசியோதெரபி பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் பயிற்சிக்கு வரும் மாணவர், தோளைப் பிடித்தபடி வரும் செம்பனை வெட்டுபவரைக் கட்டாயம் சந்திப்பார். நீளக் கம்பில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்தே குலை அறுப்பவர் அவர். "இங்கதான் தம்பி" என்று அவர் விரல் வைத்த இடத்துக்கே மாணவரின் கையும் போகும். முதல் தவறு அதுதான்.

அண்ணாந்தே நின்றால் கழுத்தும் கெடும். கழுத்தில் நரம்பு நசுங்கினாலும் வலி தோளில் தெரியும். அதனால் முதலில் கழுத்தை முன்னே, பின்னே, இரு பக்கமும் சாய்த்து, திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது அதே வலி கிளம்பினாலோ விரல் மரத்தாலோ கழுத்தை முழுதாகச் சோதிக்க வேண்டும். முட்டியும் இப்படித்தான் ஏமாற்றும்: இடுப்பு மூட்டு தேய்ந்த சிலர் முட்டியைத்தான் காட்டுவார்கள்.

அடுத்தது, அவராகக் கையைத் தூக்குவதை மட்டும் அளந்து "90 டிகிரி" என்று எழுதி முடித்துவிடுவது. தசையைத் தளரவிடச் சொல்லி, நீங்கள் தூக்கிப் பாருங்கள். உங்கள் கையோடு தாராளமாக மேலே போனால் மூட்டு இறுகவில்லை; தசைநாரைச் சந்தேகிக்கலாம். போகாவிட்டால் முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இன்னொரு கையால் தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பே திரும்பும், கை திரும்பியதாக நினைத்துக்கொள்வீர்கள். மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைந்திருக்கிறது, எக்ஸ்ரேயில் தேய்மானமும் இல்லை என்றால் தோள்மூட்டு இறுகிப்போகும் 'உறைந்த தோள்' நோயாக இருக்கலாம். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், கேட்காமல் விடாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் இழுத்து முறுக்கினால் இரவுத் தூக்கமும் போய்விடும்.

இனிப்பு நீர்க்காரருக்கு ஒத்தடம் தருவதிலும் பிழை நடக்கிறது. அவர் கண்ணை மூடியிருக்க, வெந்நீர் நிரப்பிய சோதனைக் குழாயையும் குளிர்நீர் நிரப்பியதையும் தோலில் மாற்றி மாற்றி வைத்து, எது சூடு என்று சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் சூடு வேண்டாம். சரியாகச் சொன்னாலும் 5 நிமிடத்தில் துணியை விலக்கித் தோலைப் பாருங்கள். சுடவில்லை என்று அவர் சொல்வது போதாது.

கணுக்கால் சுளுக்கை உருவுவதற்கு முன், 4 எட்டு நடக்க முடிகிறதா பாருங்கள். கணுக்கால் மொழியின் (கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின்) பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 செ.மீ. வரை எலும்பை அழுத்திப் பாருங்கள். நடக்க முடியாவிட்டாலோ அங்கே வலித்தாலோ எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள்.

"வேலைக்குப் போகாதீங்க" என்பது குலைக் கணக்கில் கூலி வாங்குபவரிடம் எடுபடாது. சில வாரங்களுக்கு உளியால் வெட்டும் குட்டை மரங்களை மட்டும் தரும்படி மண்டோருக்கு (தோட்டக் கங்காணிக்கு) சீட்டு எழுதிக் கொடுங்கள். எட்டுப் பயிற்சி அச்சடித்த தாளைவிட, உங்கள் முன்னால் செய்து காட்டிய இரண்டு பயிற்சி பலன் தரும். மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவு அதிகம், குறையுங்கள்.

கடைசியாக, கூச்சத்தால் கேட்காமல் விடும் கேள்வி. உதிரிப்பழம் பொறுக்கிப் பொறுக்கி முதுகு பிடித்து வருபவரிடம், "அண்ணே, ஒன்னுக்குப் போக சிரமமா இருக்கா? உட்கார்ற இடம் மரத்துப் போச்சா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இரண்டில் எந்தக் கேள்விக்கு "ஆமா" என்றாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு. முதுகில் கை வைக்காதீர்கள்.