வாழைநார்ப் பைக்கடைக்கு ஒரு டொமைன்: பெயர் தேடுவது முதல் புதுப்பிப்பது வரை

டொமைன் பெயரை, அதாவது இணையதளத்தின் முகவரியை, "வாங்கினேன்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது குத்தகை. டாட் காம் பெயரை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் எடுக்க முடியும். தவணை தவறினால் அடுத்தவர் கைக்குப் போய்விடும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே சொந்தம். காசு கொடுத்தவர் யார், தளத்தை வடிவமைத்தவர் யார் என்பதெல்லாம் அங்கே செல்லாது. புதிதாக வருபவர்கள் பட்ட அடிகளில் பாதி, இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டவைதான்.

விளக்கத்துக்கு ஒரு சிறு தொழிலை எடுத்துக்கொள்வோம். வாழைநாரில் கைப்பை பின்னி விற்கிறார்கள். கடைக்கு 'வாழைநார்' என்றே பெயர் வைக்க ஆசை.

படி 1: சொன்னால் எழுத வர வேண்டும்

'வாழைநார்' என்று வாயால் சொல்லி, ஆங்கில எழுத்தில் தட்டச் சொல்லுங்கள். 'வாழை' மட்டும் நான்கு விதமாக வரும்:

வி-ஏ-இசட்-எச்-ஏ-ஐ
வி-ஏ-ஏ-இசட்-எச்-ஏ-ஐ
வி-ஏ-எல்-ஏ-ஐ
வி-ஏ-ஏ-எல்-ஏ-ஐ

'நார்' என்பதற்கு ஒற்றை ஏ, இரட்டை ஏ என இரண்டு விதம். பெருக்கினால் எட்டு. வாடிக்கையாளர் எட்டில் ஏதோ ஒன்றைத் தட்டுவார். உங்கள் கடை இருப்பதோ ஒன்றில்தான். போதாததற்கு, மூன்றாவது வடிவத்தைப் பார்ப்பவர் அதை 'வலை' என்றும் படிக்கலாம், 'வளை' என்றும் படிக்கலாம்.

தமிழ்ச் சொல்லை டொமைனாக்கும்போது சிக்கல் எங்கே வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ண, ன, ந மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே என். ல, ள இரண்டுக்கும் ஒரே எல். அதனால் இவை தொந்தரவு தருவதில்லை. தொந்தரவு தருபவை ழ, நெடில்கள், த (டி-யா, டி-எச்-சா?), ச (எஸ்-ஸா, சி-எச்-சா?), 'ன்ற' போன்ற கூட்டுகள். 'தென்றல்' என்று பெயர் வைத்தவருக்கு இதில் இரண்டு தலைவலி. குறிலாகவே அமைந்த நிலம், மணல், மரம் போன்ற சொற்களைப் பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்.

சோதனை எளிது. ஐந்து பேரைத் தொலைபேசியில் அழைத்துப் பெயரை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். கேட்டதை ஆங்கில எழுத்தில் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நால்வராவது ஒரே மாதிரி எழுதினால் பெயர் தேறியது. இல்லையென்றால் வேறு பெயர் பாருங்கள். பெயரை விட மனமில்லை என்றால், ஐவரும் அதிகம் எழுதிய இரண்டு வடிவங்களை எடுத்து, ஒன்றை முதன்மைத் தளமாக வைத்து, மற்றதை அங்கே திருப்பிவிடுங்கள். எட்டையும் எடுக்க வேண்டாம். ஆண்டுதோறும் எட்டுக் குத்தகை கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு சொல்லைச் சேர்க்கும்போது ஒரே எழுத்து இரட்டிக்கிறதா என்றும் பாருங்கள். மலர் + ராணி என்றால் நடுவில் இரண்டு ஆர் வரும். பலர் ஒன்றை விட்டுவிடுவார்கள். இடையில் கோடு போட்டால் வாழ்நாள் முழுக்க "நடுவுல ஒரு கோடு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எண்களும் அப்படியே: 4 என்று எழுதுவதா, எழுத்தால் எழுதுவதா?

தொழில்நுட்ப விதி சின்னதுதான். புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதி 63 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, எண், இடைக்கோடு (-) மட்டுமே வரலாம். கோடு முதலிலோ கடைசியிலோ வரக் கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது.

படி 2: புள்ளிக்குப் பின்னால் என்ன?

டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேட்டை வெரிசைன் நிறுவனம் நடத்துகிறது. டாட் இன் பதிவேடு நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகத்திடம் இருக்கிறது. இலங்கையின் டாட் எல்கே-வுக்குத் தனிப் பதிவகம் உண்டு. டாட் காம், டாட் இன் பெயர்களுக்கு நாம் நேரடியாக இவர்களிடம் போவதில்லை. இவர்களிடம் அனுமதி பெற்ற பதிவாளர்கள் வழியாக எடுக்கிறோம்.

இந்தியாவுக்குள் விற்கும் கடைக்கு டாட் இன் தாராளமாகப் போதும். ஒரே நிபந்தனை: அதே பெயரின் டாட் காம்-ஐ வைத்திருப்பவர் உங்கள் தொழிலிலேயே இருக்கக் கூடாது. இருந்தால் உங்கள் விளம்பரச் செலவில் அவருக்கு வாடிக்கையாளர் போவார். இலவசமாகக் கிடைக்கும் பெயர்களை நம்பித் தொழில் தொடங்காதீர்கள். டொகெலாவ் தீவின் டாட் டிகே பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்தது. 2023இல் புதிய பதிவு நின்றே போனது.

தமிழ் எழுத்திலேயே பெயர் எடுக்கவும் வழி இருக்கிறது: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நடைமுறையில் உள்ளவை. மேலே பார்த்த எட்டு வடிவச் சிக்கல் இங்கே அடியோடு மறைகிறது. 'வாழைநார்' என்பதைத் தமிழில் ஒரே விதமாகத்தான் எழுத முடியும். ஆனால் உள்ளே கணினி அதை எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்ட ஒரு நீளமான ஆங்கிலச் சரமாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. சில செயலிகளில் முகவரியை ஒட்டினால் அந்தச் சரமே தெரியும். மின்னஞ்சல் முகவரியாக வைத்தால் ஏற்க மறுக்கும் படிவங்கள் இன்னும் நிறைய. 'ஔ' வரும் பெயர் என்றால் கூடுதல் கவனம் தேவை: ஒரே குறியாக அடிப்பதும், ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து அடிப்பதும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறு பெயர்கள். ஆங்கில எழுத்துப் பெயரை முதன்மையாகவும் தமிழ்ப் பெயரைத் துணையாகவும் வைத்துக்கொள்வதே இன்றைக்கு நடைமுறைக்கு ஒத்துவரும்.

படி 3: கையெழுத்துக்கு முன் வில்லங்கம்

நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்ப்பது போல இங்கே மூன்று இடம் பார்க்க வேண்டும்.

முதலாவது, பெயர் காலியா என்பது. உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் போட்டால் பதிவான தேதி, முடியும் தேதி, பதிவாளர் எல்லாம் தெரியும். இந்தப் பதிவு விவரங்களைப் பார்க்க முன்பு ஹூஇஸ் என்ற முறை இருந்தது. டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு 2025 ஜனவரி முதல் ஆர்டாப் என்ற புதிய முறை அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

இரண்டாவது, வர்த்தகக் குறி (டிரேட்மார்க்). இந்திய வர்த்தகக் குறிப் பதிவேட்டின் பொதுத் தேடல் பக்கத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பொருள்கள், சேவைகளை 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். கைப்பை 18ஆம் வகுப்பு. அங்கே இதே ஒலியில் பதிவு இருந்தால் பெயரை விட்டுவிடுங்கள். குறியின் உரிமையாளர் வழக்கு மன்றம் போகாமலேயே டாட் காம்-க்கு 1999 முதல் உள்ள யூடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் முறையிலும், டாட் இன்-க்கு ஐஎன்டிஆர்பி முறையிலும் பெயரைப் பறிக்க முடியும்.

மூன்றாவது, பழைய வாழ்க்கை. ஏற்கெனவே யாரோ வைத்திருந்து விட்ட பெயராக இருக்கலாம். தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். சூதாட்டத் தளமாகவோ போலி மருந்துக் கடையாகவோ இருந்திருந்தால், தேடுபொறியிலும் மின்னஞ்சல் வடிகட்டிகளிலும் அந்தக் கறை உங்கள் மேல் ஒட்டும். நீங்கள் அனுப்பும் பில் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குப் போகும்.

படி 4: அடுத்தவரிடம் இருந்தால் என்ன விலை தரலாம்?

பெயரை வைத்திருப்பவர் 80,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது கேட்கும் விலை. விற்கும் விலை வேறு. நேம்பயோ போன்ற தளங்களில் உண்மையில் விற்ற பெயர்களின் விலை இருக்கிறது. அதே நீளம், அதே மொழி, புள்ளிக்குப் பின்னால் அதே வால் கொண்ட பெயர்களைத் தேடி ஒப்பிடுங்கள். தானாக மதிப்புப் போட்டுத் தரும் கருவிகள் ஆங்கிலச் சொற்களுக்கே முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லும். தமிழ்ச் சொல்லின் பொருள் அவற்றுக்குப் புரிவதில்லை என்பதால் அந்த எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

மதிப்பை முடிவு செய்யும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெயர் தேவைப்படும், காசும் உள்ள ஆட்கள் எத்தனை பேர்? வாய்ஸ் டாட் காம் 2019இல் 3 கோடி டாலருக்கு விற்றது. அந்தச் சொல் எந்த நாட்டில் எத்தனை தொழிலுக்குப் பொருந்தும் என்று யோசித்தால் விலை புரியும். 'வாழைநார்' தேவைப்படுபவர்கள் சிலர்தான். அதிலும் எட்டில் ஒரு வடிவம். எனவே 80,000 அதிகம். வேறு நல்ல பெயரை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் எடுக்க முடியும் என்பதே உங்கள் பேரத்தின் பலம்.

"நிறையப் பெயரை வாங்கிப் போட்டு விற்கலாமே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கையிருப்பில் ஆண்டுக்கு 100க்கு ஒன்றிரண்டு விற்றாலே நல்லது என்று இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்வார்கள். 100 பெயருக்கு ஆயிரம் வீதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் குத்தகை. இரண்டு விற்றால் ஒவ்வொன்றும் 50,000க்குப் போனால்தான் முதலே திரும்பும். தொடக்கத்தில் இதில் இறங்க வேண்டாம்.

விலை படிந்துவிட்டால் பணத்தை நேரடியாக அனுப்பாதீர்கள். எஸ்க்ரோ சேவையில் போடுங்கள்: பணம் அங்கே நிற்கும், பெயர் உங்கள் கணக்குக்கு வந்ததை நீங்கள் உறுதி செய்தபின் விற்றவருக்குப் போகும். நீங்கள் விற்பவராக இருந்து, "பெரிய விலை தருகிறேன், முதலில் இந்த இடத்தில் மதிப்புச் சான்று வாங்கி அனுப்புங்கள்" என்று அஞ்சல் வந்தால் அது மோசடி. சான்றுக் கட்டணம்தான் அவர்கள் குறி.

படி 5: பதிவு

பதிவாளரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் ஆண்டு விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். டாட் காம் பெயர் ஒவ்வொன்றுக்கும் பதிவாளர் வெரிசைனுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுகிறார். 2024 செப்டம்பரில் அது 10.26 டாலர் ஆனது. அப்படியிருக்க 99 ரூபாய்க்குத் தருகிறார் என்றால் இரண்டாம் ஆண்டில் எடுத்துக்கொள்வார் என்று பொருள். 'பிரீமியம்' என்று குறித்த பெயர்களில் புதுப்பிக்கும் விலையும் பெரிதாக இருக்கலாம். கட்டுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கணக்கு திறக்கும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். இப்போது எடுக்கப்போகும் டொமைனிலேயே உள்ள மின்னஞ்சலைக் கொடுத்தால், டொமைன் முடங்கும் நாளில் மீட்புக் கடிதமும் அங்கேயே போய் மாட்டிக்கொள்ளும். இரட்டைச் சரிபார்ப்பை உடனே இயக்குங்கள்.

உரிமையாளர் இடத்தில் பான் அட்டையில் உள்ளபடி உங்கள் பெயர். 'நிறுவனம்' என்ற கட்டத்தை நிரப்பினால் அந்த நிறுவனமே உரிமையாளர் ஆகிவிடும். நாளைக்கு அது கூட்டாளிகளுக்குள் பிரச்சினையாகலாம், யோசித்து நிரப்புங்கள். தளம் வடிவமைப்பவர் "நானே எடுத்துத் தருகிறேன்" என்றால் அன்போடு மறுத்துவிட்டு, உங்கள் கணக்கில் நீங்களே எடுங்கள். டாட் இன் பெயருக்கு அடையாளச் சான்று கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும்.

பணம் கட்டும் பக்கத்தில் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இடம்), மின்னஞ்சல், எஸ்எஸ்எல் (தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ்) எல்லாம் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது.

பணம் கட்டியதும் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அந்த இணைப்பை அழுத்தாவிட்டால் டாட் காம் தளம் முடக்கப்படும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளம் இரண்டாம் வாரக் கடைசியில் திடீரென்று நின்றால் முதலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள்.

படி 6: பெயரைத் தளத்தோடு இணைப்பது

பெயரைத் தட்டினால் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் குறிப்புகளுக்கு ரெக்கார்டு என்று பெயர். ஹோஸ்டிங் நிறுவனம் தரும் எண் முகவரியை ஏ ரெக்கார்டில் போட வேண்டும். மின்னஞ்சலுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டு. இந்த ரெக்கார்டுகளை வைத்திருக்கும் கணினியான நேம் சர்வரை மாற்றினால் பழைய இடத்தில் இருந்த எல்லா ரெக்கார்டும் அங்கேயே தங்கிவிடும். தளம் வந்துவிடும், மின்னஞ்சல் சத்தமில்லாமல் நின்றுபோகும். மாற்றுமுன் பழைய ரெக்கார்டுகளைப் படம் பிடித்து வைத்து, புதிய இடத்தில் முதலில் அவற்றை எழுதிவிட்டு, பிறகு மாற்றுங்கள். உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் சரிபார்ப்பே தோற்கும். இரண்டு சேவை என்றாலும் ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும். மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஓரிரு நாள் பிடிக்கலாம்.

படி 7: புதுப்பித்தல்

தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பணப்பிடிப்பு விதிகள் வந்தபின், வெளிநாட்டுப் பதிவாளர்கள் இந்திய அட்டையிலிருந்து பணம் எடுக்க முயன்று தோற்பது சாதாரணம். முடியும் தேதிக்கு 45 நாள் முன்பே கைபேசியில் நினைவூட்டல் வைத்து நீங்களே கட்டுங்கள். தொழில் நிலைத்துவிட்டால் 3 அல்லது 5 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம்.

தவறவிட்டால் டாட் காம் பெயருக்கு நடப்பது இது. முடிந்த நாளிலிருந்து 45 நாள் வரை பதிவாளர் விருப்பப்படி வழக்கமான விலைக்குத் தரலாம். எத்தனை நாள் என்பது அவர் கையில். பலர் அந்த இடைவெளிக்குள்ளேயே ஏலத்துக்கு வைத்துவிடுவார்கள். அதற்குப்பின் 30 நாள் மீட்புக் காலம். அதில் கட்டணம் பல மடங்கு. அடுத்த 5 நாள் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அது முடிந்ததும் பெயர் பொதுவெளிக்கு வரும். தானியங்கி நிரல்கள் நொடிக் கணக்கில் காத்திருந்து பிடித்துக்கொள்ளும்.