பழைய சி.ஜே.3பி பெட்ரோல் ஜீப்பில் இக்னிஷன் டைமிங் வைக்கும் முறை

மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப்பின் 2.2 லிட்டர் ஹரிகேன் என்ஜினுக்கு மூன்று அளவுகள் தெரிந்தால் போதும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், திறக்கும்போது பொறியை விழவைக்கும் தொடுமுனைதான் பாயின்ட்; அதன் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். பொறி விழும் வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டருக்கான பொறி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5° முன்பாக விழ வேண்டும்.

முதலில் பாயின்டைச் சரிசெய்யுங்கள். டைமிங்கை வைத்த பிறகு இடைவெளியைத் தொட்டால் பாயின்ட் திறக்கும் நேரமே மாறிவிடும் என்பதால், இந்த வரிசையைத் தலைகீழாக்க முடியாது. பாயின்டைத் தள்ளித் திறக்கும் கேமை (மேடுள்ள சுழல்தண்டை) உரசும் பாயின்டின் பகுதி தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் தானாகவே பின்தங்கும். எனவே மேட்டில் இழுவை குறைந்த ஜீப்பில் பெரும்பாலும் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

அடுத்து, நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் துளையை விரலால் மூடிக்கொண்டு, ஹேண்டிலால் என்ஜினை மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு சிலிண்டரில் ஒரு பொறி விழும். ஆனால் புல்லியில் உள்ள டைமிங் குறியோ ஒவ்வொரு சுற்றிலும் நேருக்கு நேர் வந்து நிற்கும். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறும் சுற்றுதான் கம்ப்ரஷன். அந்தச் சுற்றை விட்டு அடுத்ததில் நிறுத்தினால் ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக் வயருக்கும் மின்சாரம் தரும் துண்டு) நான்காம் சிலிண்டரின் வயரைக் காட்டும். யாராவது முன்பே வயர்களை மாற்றிச் செருகியிருக்கக்கூடும் என்பதால், ரோட்டாரைவிட விரலையே நம்புங்கள்.

காற்று தள்ளத் தொடங்கியதும், முன்பக்கப் புல்லியின் வெட்டு டைமிங் கவரில் உள்ள 5° குறிக்கு நேராக வரும் வரை சுற்றுங்கள். பழைய என்ஜின்களில் இந்தக் குறி ஃப்ளைவீலில் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் புதைந்திருக்கும் வெட்டை மண்ணெண்ணெயால் கழுவி, வெள்ளைப் பெயின்டை மெல்லிய கோடாக மட்டும் இழுங்கள். தடித்த கோடு இரண்டு டிகிரியை விழுங்கிவிடும். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு இழுத்து நிறுத்தக் கூடாது. கியர்களில் உள்ள ஆட்டம் கணக்கைக் கெடுக்கும். கால் சுற்று பின்னால் போய், ஓடும் திசையிலேயே மறுபடி வந்து நிறுத்த வேண்டும்.

இப்போது டேஷ்போர்டு பல்பு ஒன்றின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் முனையிலும் மற்றதை பாடியிலும் இணைத்து, இக்னிஷனைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்பைத் தளர்த்தி, ரோட்டார் சுற்றும் திசையில் பல்பு அணையும் வரை திருப்புங்கள். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, பல்பு எரியும் அந்தக் கணத்தில் கிளாம்பை இறுக்குங்கள். இறுக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் பகுதி சற்றுத் திரும்பிவிடுவது வழக்கம் என்பதால், என்ஜினை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்பு எரிவது குறியில்தானா என்று மறுபடி பாருங்கள்.

ஓடும் என்ஜினில் பொறி விழும்போதெல்லாம் மின்னிக் குறியைக் காட்டும் டைமிங் லைட் இருந்தால் நல்லது. ஆனால் பாயின்ட் என்ஜினுக்கு என் கையில் முதலில் வருவது பல்புதான். லைட்டை வைத்துப் பார்ப்பவர்கள் ஐடிலை நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். வேகம் கூடினால் டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து டைமிங்கை முன்னுக்குத் தள்ளிவிடும்.

பின்சேர்க்கை: பாயின்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் மாட்யூல் பொருத்திய ஜீப்புகளுக்கு இந்தப் பல்பு முறை பொருந்தாது, லைட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். மேட்டில் மூன்றாம் கியரில் ‘டக் டக்’ என்று தட்டினாலோ, ஸ்டார்ட் செய்யும்போது ஹேண்டில் திருப்பி அடித்தாலோ, டைமிங் முன்னால் போயிருக்கிறது என்று பொருள். டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் திசையில் இம்மியளவு திருப்பிப் பாருங்கள். அதைச் சரிசெய்யும் வரை, கட்டைவிரலை ஹேண்டிலின் மறுபக்கம் சுற்றாமல் மற்ற விரல்களோடு சேர்த்தே பிடியுங்கள்.