கண்டியில் ஒரு வார இறுதி: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வேலை நிமித்தம் கொழும்புக்கு வரும் இளைஞர்கள், கைக்கு எட்டிய முதல் வார இறுதியிலேயே மலைநாட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். கண்டியில் வழிகாட்டியாக இருக்கும் எனக்கு, நாங்களே தொழிலின் தொடக்கத்தில் வகுத்துப் பின்னர் கைவிட்ட பயணத் திட்டங்கள் அவர்களுடைய கைபேசிகளில் மீண்டும் முளைத்திருப்பது தெரிகிறது. குடையையும் குளிராடையையும் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஒரு மழை கற்றுக்கொடுத்துவிடும்.

மூன்று ஊர்களை இரண்டு நாட்களுக்குள் அடைப்பது

சனிக்கிழமை கண்டி, இரவு நுவரெலியா, ஞாயிறு எல்ல, அன்றிரவே கொழும்பு என்ற இந்தத் திட்டத்தைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. வரைபடத்தில் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே 80 கிலோமீற்றர்கூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதை, ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்குக் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக வளைந்து வளைந்து ஏறுவதால், மூன்று மணித்தியாலத்தை எளிதாக விழுங்கிவிடும். கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பார லொறிக்குப் பின்னால் அகப்பட்டால் நான்கு மணித்தியாலம் போய்விடும். எல்லவிலிருந்து கொழும்புக்குத் திரும்ப ஐந்தாறு மணித்தியாலம் வேண்டும். நுவரெலியாவிலிருந்து எல்லவுக்குப் போவதையும் சேர்த்தால் 15 மணித்தியாலம் வேனுக்குள்ளேயே கழிகிறது.

கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் ஐந்து நண்பர்கள் இப்படித்தான் வந்தார்கள். காலைப் பூசை முடிந்த பிறகே, புத்தரின் புனித தந்தம் வைக்கப்பட்டிருக்கும் தலதா மாளிகைக்குள் நுழைந்ததால், மேல்மாடியில் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பேராதனைப் பூங்காவில் ஆர்க்கிட் கூடத்தை மட்டும் எட்டிப் பார்த்தார்கள். கண்டியிலேயே தங்கிவிடுங்கள் என்று நான் எவ்வளவோ சொல்லியும், நுவரெலியாவில் அறைக்குப் பணம் கட்டியாயிற்று என்று கிளம்பிவிட்டார்கள். இறம்பொடை வளைவுகளில் இருவருக்கு வாந்தி. பனிமூட்டத்தில் அருவியும் தெரியவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டுக் கடைகள் மூடிக்கொண்டிருந்தன. மறுநாள் எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கொட்டும் மழையில் பார்த்துவிட்டு, திங்கள் விடியும் முன் கொழும்பை அடைந்து, அப்படியே அலுவலகம் போனார்கள். வேனுக்குக் கிலோமீற்றர் கணக்கில் கொடுத்த வாடகையும் சாரதியின் தங்கல் செலவும் சேர்ந்து, அவர்கள் உணவுக்குச் செலவழித்ததைவிடப் பல மடங்கு.

அந்தப் பணத்தில் ஐவரும் கண்டியிலேயே இரண்டு இரவுகள் நிம்மதியாகத் தங்கியிருக்கலாம். வெள்ளி இரவே வந்துவிட்டால், சனிக்கிழமை அதிகாலையில் மாளிகையையும், வெயில் ஏறுமுன் 147 ஏக்கர் பரப்புள்ள பேராதனைப் பூங்காவையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு உடவத்தகலைக் காடும், நகரின் மிகப் பழைய கட்டடமெனக் கருதப்படும் 14ஆம் நூற்றாண்டு நாத தேவாலயமும், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலும் இருக்கின்றன.

பூசை நேரம் அறியாமல் மாளிகைக்குப் போவது

காலை 5.30, 9.30, மாலை 6.30. புனித தந்தத்தைக் கண்ணால் காணலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்நேரங்களில் தென்படுவது அது வைக்கப்பட்டிருக்கும் பேழை மட்டுமே. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதை இங்கே யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏரிக்கரை நண்பர்

"உங்கள் ஹோட்டல் சமையலறையில்தானே வேலை செய்கிறேன், என்னைத் தெரியவில்லையா?" என்று ஒருவர் சிரித்தபடி வந்தால், நீங்களும் சிரித்துவிட்டு நடையைத் தொடருங்கள். அவருடன் சென்றால் வழி இரத்தினக்கல் கடையிலோ மிளகு, ஏலம் போன்ற வாசனைப் பயிர்த் தோட்டத்திலோ போய் முடியும். அவருடைய தரகும் நீங்கள் கொடுக்கும் விலைக்குள்தான் இருக்கும்.

இரவில் சோறும் கறியும் தேடுவது

சோறும் கறியும் மதியத்துக்குரியவை. நல்ல கடைகளில் இரண்டு மணிக்குப் பிறகு பலாக்காய்க் கறி தீர்ந்துவிடும்; இரவில் கிடைப்பது பெரும்பாலும் மதியத்து மிச்சம். பொழுது சாய்ந்தால் கல்லின் மேல் இரும்புத் தகடுகள் தாளம் போடும் கொத்து ரொட்டிக் கடையைத் தேடிப் போங்கள், அல்லது இடியப்பமும் சொதியும் கேளுங்கள்.

சம்பலில் மீன் இராது என்று நம்புவது

தேங்காய்ச் சம்பலிலும், மிளகாயை இடித்துச் செய்யும் கட்டச் சம்பலிலும் மாசி எனப்படும் உலர்ந்த மீன் இருக்கும். சைவ உணவுக்காரர்கள் ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டே கை வைக்க வேண்டும். சைவக் கடைகளில் மட்டும் இந்தக் கவலை இல்லை.

பௌர்ணமி வார இறுதி

மது விற்பனை இல்லை, மாளிகையில் நெரிசல்.

எசல பெரஹரா நாட்கள்

தலதா மாளிகையின் இந்த ஆண்டு ஊர்வலத் திருவிழாவுக்கு, அறை உறுதியாகாமல் வராதீர்கள்.

மேசையில் வைத்த தட்டு முழுவதும் நமக்கே என்று எண்ணுவது

தேநீர்க் கடையில் அமர்ந்தவுடன் ரோல்ஸ், கட்லட், மீன் பாண் (மீன் வைத்த பன்) நிறைந்த தட்டொன்றைக் கேட்காமலேயே கொண்டுவந்து வைப்பார்கள். சாப்பிட்டதற்கு மட்டுமே காசு. பயந்து திருப்பி அனுப்பவும் வேண்டாம், மரியாதைக்காக எல்லாவற்றையும் தின்று முடிக்கவும் வேண்டாம். பெரிய உணவகங்களில் நிலைமை வேறு. அங்கே விலைப்பட்டியலிலுள்ள தொகையோடு பத்து வீதச் சேவைக் கட்டணமும், 2024 சனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும் (VAT) பில்லில் ஏறக்கூடும் என்பதால், பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டே சாப்பாட்டைச் சொல்லுங்கள்.