ப்ரீ ஆம்ப் இல்லாமல் டாக்கை நேராக மாட்டுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூருக்குப் பழைய கிண்டல் ஒன்று உண்டு. சாமி 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். கிண்டலில் காலியான அந்த இடத்தில், வால்யூமைக் கவனித்துக்கொள்ளும் பெட்டியான ப்ரீ ஆம்ப் இல்லாத ஆடியோ செட்டை வைக்கலாம். சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் எனக்குத் தெரிந்தே நாலைந்து வீடுகளில் இருக்கிறது. டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றித் தரும் டாக் பெட்டியிலிருந்து ஒயர் நேராக, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்குப் போகும். நடுவில் ஒன்றுமில்லை. காசும் மிச்சம், ஒலியும் சுத்தம். நானும் அப்படித்தான் கேட்கிறேன், முதல் வாரமே ஒரு ட்வீட்டரை, அதாவது கீச்சொலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரை, காவு கொடுத்த பிறகு.

நடந்தது இதுதான். லேப்டாப்பில் வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டுத்தான் பாட்டைப் போட்டேன். ஆனால் சில ப்ளேயர் மென்பொருள்கள் கணினியின் வால்யூமைக் கண்டுகொள்ளாமல் டாக்கோடு நேராகப் பேசும். அது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, "இன்னாபா, ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சிச்சா?" என்றார். கணினியை மட்டும் நம்பி வால்யூமை விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. டாக்கிலேயே வால்யூம் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. கரண்ட் போய் வந்தால் பழைய அளவிலேயே நிற்கிறதா, உச்சத்துக்குத் தாவுகிறதா என்று ஆம்ப்பை மாட்டாமல் பார்த்துவிடுங்கள். "ஃபிக்ஸ்டு அவுட்புட்" என்ற அமைப்பு இருந்தால் அதை அணைத்து வையுங்கள். அதில் வால்யூம் வேலையே செய்யாது.

ஏன் இவ்வளவு பயம் என்றால், கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான டாக்குகள் ஆர்சிஏ (சாதா ஆடியோ சொருகி) வழியாக 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் சொருகி) வழியாக 4 வோல்ட் தரும். 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் கொடுக்க ஆம்ப்புக்குச் சுமார் 28 வோல்ட் வேண்டும். பெருக்கம் 26 டெசிபல் என்றால் 20 மடங்கு. அப்போது 1.4 வோல்ட் உள்ளே வந்தாலே ஆம்ப் முழுபலத்தில் ஓடும். 2 வோல்ட் கொடுத்தால் 40 கேட்கிறோம். அது முடியாமல் அலையின் தலையை வெட்டும், ட்வீட்டர் கருகும். எக்ஸ்எல்ஆர் என்றால் சொல்லவே வேண்டாம்.

அதனால் ராத்திரி கேட்கும்போது வால்யூமை மைனஸ் 40 டெசிபல் வரை இறக்க வேண்டியிருக்கும். குறைக்கும் ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் பாட்டின் நுணுக்கத்தில் ஒரு பிட் போகும் என்று கணக்கு. 16 பிட்டிலேயே குறைத்தால் கிட்டத்தட்ட ஏழு பிட் காலி. 24 அல்லது 32 பிட்டில் கணக்குப் போடும் டாக்கில் இது பிரச்சினையே இல்லை. ஆனால் பாட்டு குறையும்போது டாக்கின் சொந்த இரைச்சல் குறையாதே! ஸ்பீக்கர் நல்ல உணர்திறன் உள்ளது என்றால் 'உஸ்' என்று கேட்கும். ஆம்ப் பக்கத்து முனையில் 10 அல்லது 20 டெசிபல் குறைப்பான் ஒன்றைச் செருகினால் தீர்ந்தது. பலர் இதற்குச் செலவழிக்காமல் ஒயருக்குச் செலவழிக்கிறார்கள். எனக்குப் புரியாத கணக்கு அது.

இம்பீடன்ஸ், அதாவது மின் அலைக்கான தடை, பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். டாக்கின் வெளியீட்டைப்போல ஆம்ப்பின் உள்ளீடு பத்து மடங்காவது இருந்தால் சரி. வால்வு போட்ட டாக் என்றால் மட்டும் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், நம் ஊர் மின்வெட்டு. கத்திரி வெயிலில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டாக்கை முதலில் போட்டு ஆம்ப்பைக் கடைசியில் போட வேண்டும், அணைக்கும்போது ஆம்ப்தான் முதலில். பலர் வீட்டில் ஆம்ப் இன்வெர்ட்டர் லைனிலும் டாக் சாதா லைனிலும் இருக்கும். கரண்ட் போனால் டாக் சாகும்போது போடும் 'டப்' சத்தத்தை ஆம்ப் இருபது மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். கரண்ட் திரும்பும்போது இரண்டும் ஒன்றாக உயிர் பெறாமலிருக்க, கரண்ட் போன உடனே எழுந்து ஆம்ப் சுவிட்சை அணையுங்கள்.

ஒரே பெட்டியில் மாட்டினால் 'ம்ம்ம்' என்ற ஹம்மும் பெரும்பாலும் குறையும். ஹம் வருகிறதென்று எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் இங்கே நிறைய. தயவுசெய்து வேண்டாம், அது உயிர் விஷயம்.

இன்னொன்று: சில டாக்குகளின் வெளியீட்டில், ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரத்தைத் தடுக்கும் கபாசிட்டர் இருக்காது, சில ஆம்ப்புகளின் உள்ளீட்டிலும் இருக்காது. நடுவில் இருந்த ப்ரீ ஆம்ப் அதைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். பாட்டை நிறுத்திவிட்டு டாக் வெளியீட்டில் மல்டிமீட்டரை டிசி-யில் வைத்துப் பாருங்கள். ஓரிரண்டு மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை. 50 காட்டினால், அப்படிப்பட்ட ஆம்ப்பில் ஸ்பீக்கர் முனையில் ஒரு வோல்ட்டே வந்து நிற்கும்.

என் அலமாரியில் கோன் கிழிந்த பழைய 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று கிடக்கிறது. புதுசாக எந்த டாக் வந்தாலும் முதல் பாட்டு அதற்குத்தான்.