பின்னேரம் தொண்டர்கள் எங்கே போனார்கள்?

எங்கள் மாணவர் பசுமை-கலை விழாவின் ஆயத்த நாட்களில் ஒரே சிக்கல். காலையில் தேவைக்கு மேல் தொண்டர்கள். பின்னேரம் நாலு மணியானால் குப்பை பிரிக்கும் மேசையில் ஒருவரும் இல்லை. உக்காத பார்சல் தாளும் சாப்பாடு போடும் பனையோலைத் தட்டுவமும் ஒரே வாளிக்குள் போய்விடும், பிறகு அது உரத்துக்கு உதவாது.

வாட்ஸ்அப்பில் நினைவூட்டினோம், பெயர்களைக் கூட்டினோம், சான்றிதழ் தருவதாகவும் சொல்லிப் பார்த்தோம். ஒன்றும் சரிவரவில்லை.

கடைசியில் வரவுத் தாளை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊரை எழுதினேன். காணாமல் போனவர்கள் பெரும்பாலும் தீவுப்பகுதிப் பிள்ளைகள். நயினாதீவுக்காரர் குறிகாட்டுவானில் படகைப் பிடிக்க வேண்டும். அதற்கு யாழ்ப்பாணத்தில் நேரத்தோடு பஸ் ஏற வேண்டும். புங்குடுதீவு, காரைநகர்ப் பிள்ளைகளுக்கும் பொழுதுபட்டால் பஸ் பிரச்சினைதான். கூச்சத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

சரி என்று முறைப் பட்டியலைப் பீடவாரியாகப் போடாமல் பஸ் பாதைவாரியாகப் போட்டோம். தீவுப் பிள்ளைகளுக்குக் காலை. சைக்கிளில் வரும் நல்லூர், கொக்குவில் பிள்ளைகளுக்குப் பின்னேரமும் இரவு நாடகமும். முறை மாறும்போது அரை மணி நேரம் இரண்டு குழுவும் மேசையில் ஒன்றாக நிற்கவேண்டும் என்றும் வைத்தோம். இதை விட்டுவிடாதீர்கள், எந்த வாளிக்குள் எது போகும் என்பதை அப்போதுதான் அடுத்தவர் பார்த்துப் பழகுவார். விழா முடிய உர வாளியைக் கிளறிப் பார்த்தேன், ஒரு பிளாஸ்டிக் கரண்டிகூட இல்லை.