எந்த பீருக்கு எவ்வளவு குளிர்ச்சி? ஃப்ரிட்ஜிலிருந்து கிளாஸ் வரை

பீர் எவ்வளவு சில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது நம் ஊர் வெயில் பழக்கிவிட்ட எண்ணம். லேசான லாகருக்கு, அதாவது குளிரில் மெல்ல நொதிக்கவைத்த பீருக்கு, அது சரிதான். ஆனால் ஐ.பி.ஏ. (வாசனை தூக்கலான 'இந்தியா பேல் ஏல்'), ஸ்டவுட் (கறுப்பு பீர்), பெல்ஜிய ஏல் (ஏல் என்றால் லாகரைவிடச் சூட்டில் நொதிக்கும் பீர்) போன்றவற்றை 3 டிகிரியில் குடித்தால் கொடுத்த காசில் பாதி வீண். ஹாப்ஸின் (கசப்பும் வாசனையும் தரும் பூ) பழவாசனை, வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) காபி வாசனை, ஈஸ்ட் தரும் கிராம்பு வாசனை எதுவும் மூக்குக்கு எட்டாது. குளிரும் கசப்பும் மட்டும்தான் மிஞ்சும்.

இங்கே சொல்லும் டிகிரிகள் எல்லாம் செல்சியஸ். ஒவ்வொரு வகைக்கும் சொல்லும் டிகிரி, கிளாஸில் ஊற்றிய பிறகு இருக்க வேண்டிய வெப்பநிலை. பாட்டிலின் வெப்பநிலையும் கிளாஸில் இருக்கும் பீரின் வெப்பநிலையும் ஒன்றல்ல. புதிதாகப் பழகுபவர்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான்.

குளிர்ச்சி பீரை என்ன செய்கிறது?

மூன்று விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது வாசனை. வாசனை தரும் பொருட்கள் ஆவியாகி மேலே வந்தால்தான் மூக்கு அவற்றை உணரும். குளிரில் அவை திரவத்துக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டாவது நாக்கு. குளிர்ந்த நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாயசம் இனிப்புக் குறைந்ததுபோல் தோன்றுமே, அதே கதைதான். மால்ட்டின் இனிப்பு மங்கும்போது அது தாங்கிப் பிடித்திருந்த கசப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது வாயு. குளிர்ந்த திரவத்தில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் கரைந்து நிற்கும். சூடானால் வெளியே ஓடப் பார்க்கும். அதனால்தான் 25 டிகிரியில் திறந்த பாட்டில் பொங்குகிறது, ஊற்றிய கிளாஸில் பாதி நுரையாக நிற்கிறது, நுரை அடங்கிய பின் பீர் சப்பென்று ஆகிவிடுகிறது. மறுபக்கம், 1 டிகிரிக்கும் கீழே போனால் வாயு முழுக்க உள்ளேயே அடங்கி, நுரை சரியாக எழும்பாது.

வடிகட்டாத சில பீர்கள் 5 டிகிரிக்குக் கீழே லேசாகக் கலங்கும். மால்ட்டின் புரதமும் பாலிஃபீனால்கள் என்னும் தாவரப் பொருட்களும் குளிரில் ஒட்டிக்கொள்வதால் வரும் மங்கல் அது. வெப்பநிலை ஏறினால் தெளிந்துவிடும். கெட்டுப்போனது என்று கொட்டிவிட வேண்டாம்.

எந்த வகைக்கு எத்தனை டிகிரி?

லேசான லாகர், அதாவது கிங்ஃபிஷர் ப்ரீமியம், டைகர், ஹைனெகன் போன்றவை: 3 முதல் 5 டிகிரி. இவற்றின் அழகே துள்ளலும் சுத்தமான முடிவும்தான். 9 டிகிரி தாண்டினால் தானிய இனிப்பு தலைதூக்கும்.

7–8 சதவீத ஆல்கஹால் உள்ள நம் ஊர் ஸ்ட்ராங் பீர்களுக்கு 4 முதல் 6. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. 'ஆல்கஹால் கூடக்கூட வெப்பநிலையும் கூட வேண்டும்' என்று பல இடங்களில் விதி சொல்வார்கள். அது மால்ட் வாசனை அடர்ந்த ஏல்களுக்கும் ஸ்டவுட்களுக்கும் பொருந்தும். ஸ்ட்ராங் லாகரில் அந்த அடர்த்தி இல்லை. சூடானால் ஆல்கஹாலின் காரம் மட்டும்தான் மேலே வரும். குளிராகவே குடியுங்கள்.

செக், ஜெர்மன் பில்ஸ்னர்களுக்கு 5 முதல் 7. பில்ஸன் நகரத்தில் 1842-இல் பிறந்த இந்த வகையின் உயிர் சாஸ் ஹாப்ஸின் மூலிகை வாசனை. 2 டிகிரியில் அது காணாமல் போய், சாதாரண லாகரோடு ஒன்றாகிவிடும். பவேரிய கோதுமை பீர், அதாவது வைஸ்பியருக்கு 6 முதல் 8. வாழைப்பழ, கிராம்பு வாசனைகள் அங்கேதான் திறக்கும். பெல்ஜியக் கோதுமை பீரான விட்பியரை ஒரு டிகிரி குறைத்து வைத்தாலும் நன்றாக இருக்கும்.

பேல் ஏல், ஐ.பி.ஏ. இரண்டுக்கும் 7 முதல் 10. ஐ.பி.ஏ. வாங்குவதே ஹாப்ஸ் வாசனைக்காக. அதை ஐஸ் போலக் குடிப்பதைவிட வாங்காமலே இருக்கலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஸ்டவுட்டில் இரண்டு கிளை. கின்னஸ் டிராஃப்ட் போன்ற லேசான ஐரிஷ் ஸ்டவுட்டுக்கு 6 முதல் 8. கேனுக்குள் சிறிய பிளாஸ்டிக் பந்து இருக்கும் வகை என்றால் குறைந்தது 3 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே திறக்க வேண்டும்; வெதுவெதுப்பாக இருந்தால் பந்திலிருந்து பீறிடும் நைட்ரஜன் பாதி பீரை மேசையில் கொட்டிவிடும். இம்பீரியல் ஸ்டவுட் போன்ற கனமான கிளைக்கு 11 முதல் 14. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீத ஆல்கஹால் கொண்டது. அதை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் குளிரிலேயே ஊற்றுகிறார்கள். ஒருமுறை 12 டிகிரியில் குடித்துப் பாருங்கள். சாக்லேட், கருப்பட்டி, உலர்திராட்சை என்று ஒவ்வொன்றாக எழும்பி வரும்.

பெல்ஜிய டப்பல், குவாட்ரூப்பல், ஜெர்மன் டாப்பல்பாக், பார்லிவைன் போன்ற கனமான வகைகள் எல்லாம் 10 முதல் 14-க்குள் அடங்கும். பெல்ஜிய ட்ரிப்பல் மட்டும் கொஞ்சம் குளிராக, 7 முதல் 10. புளிப்பு வகைகளில் பெர்லினர் வைஸ 4 முதல் 7. லாம்பிக், கூஸ் வகைகள் 9 முதல் 12.

பிரிட்டிஷ் காஸ்க் ஏலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'இங்கிலாந்தில் பீரைச் சூடாகக் குடிப்பார்கள்' என்ற பேச்சு இதனால் வந்ததுதான். உண்மையில் அது பப்பின் நிலவறைக் குளிர்ச்சியில், 11 முதல் 13 டிகிரியில் வரும். பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும் இந்த ஏலில் வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை என்பதால் வாயு மிகக் குறைவு, லாகரில் இருப்பதில் பாதியளவுக்குத்தான் வரும். வாயுவின் துள்ளல் இல்லாத பீரை 4 டிகிரிக்கு இறக்கினால் வாயில் ஒன்றுமே மிஞ்சாது.

படி 1: ஃப்ரிட்ஜை அளந்து பாருங்கள்

குச்சி போன்ற முனையுள்ள டிஜிட்டல் கிச்சன் தெர்மாமீட்டர் ஒன்று போதும். முதலில் அதைச் சரிபாருங்கள்: டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர், நன்றாகக் கலக்கி இரண்டு நிமிடம் கழித்து முனையை விடுங்கள். 0 காட்ட வேண்டும். 1 டிகிரி கூடவோ குறையவோ காட்டினால் அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதற்கேற்பக் கழித்தோ கூட்டியோ கொள்ளலாம்.

பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் அந்தத் தண்ணீரை அளவிடுங்கள். உள்ளே இருக்கும் காற்றை அளப்பதில் பயனில்லை. கதவைத் திறந்த நொடியில் அது மாறிவிடும். பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்கள் 3 முதல் 5 டிகிரியில் இருக்கும். கதவுத்தட்டு அதைவிடச் சில டிகிரி சூடு. அடிக்கடி திறக்கும் வீட்டில் இன்னும் கூடுதல். பீரை உள்தட்டில் வையுங்கள், நிமிர்த்தியே வையுங்கள். அடியில் ஈஸ்ட் படிந்த பாட்டில்களைப் படுக்க வைத்தால் முதல் கிளாஸிலேயே எல்லாம் கலங்கி வரும்.

படி 2: குளிர வைத்தல்

நிதானமான வழி: 30 டிகிரி அறையிலிருந்து 330 மி.லி. பாட்டில் 5 டிகிரிக்கு இறங்க ஃப்ரிட்ஜில் சுமார் 5 மணி நேரம் ஆகும். 650 மி.லி. பாட்டிலுக்கு 6, 7 மணி நேரம். முந்தின இரவே வைத்துவிட்டால் கணக்குப் பார்க்கும் வேலையே இல்லை.

அவசரம் என்றால் ஐஸ் தண்ணீர். வாளியில் 2 கிலோ ஐஸ், ஒன்றரை லிட்டர் தண்ணீர், 100 கிராம் கல்லுப்பு போட்டுக் கலக்கி, பாட்டிலைக் கழுத்து வரை மூழ்க வையுங்கள். கேன் என்றால் சுமார் 10 நிமிடம், 330 மி.லி. பாட்டிலுக்கு 15, 650-க்கு 25. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்க வேண்டாம். வெறும் ஐஸில் நட்டு வைத்தால் இந்த வேகம் வராது. ஐஸ் கட்டிகளுக்கு இடையே காற்றுதான் இருக்கும், கண்ணாடியை எல்லாப் பக்கமும் தொடுவது தண்ணீர்தான். உப்பு, தண்ணீரின் உறைநிலையைப் பூச்சியத்துக்குக் கீழே இறக்குகிறது. இந்த முறையில் நேரத்தை மறந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஃப்ரீசரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வேறு வழியில்லை என்றால் 40 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீத பீர் மைனஸ் 2, மைனஸ் 3 டிகிரி அளவில் உறையத் தொடங்கும். உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். இறுக மூடிய கண்ணாடி அதைத் தாங்காது. வெடிக்காமல் தப்பினாலும், உறைந்து உருகிய பீரில் புரதம் துகள் துகளாகப் பிரிந்து நிற்கும், நுரையும் சரியாக வராது.

படி 3: கிளாஸையும் கணக்கில் சேருங்கள்

அதிகம் பேர் கவனிக்காத படி இது. அறை 32 டிகிரி, கைப்பிடி வைத்த கனமான மக் 400 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 டிகிரி பீர் 330 மி.லி. ஊற்றினால், கண்ணாடியின் சூடு இறங்கி பீர் 10 டிகிரியைத் தொட்டுவிடும். 250 கிராம் மெல்லிய கிளாஸ் என்றால் 8-ஐ ஒட்டி நிற்கும். ஊற்றிய ஒன்றிரண்டு நிமிடத்துக்குள்ளேயே இது நடந்து முடிந்துவிடும்.

இதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். லாகர், பில்ஸ்னர், வைஸ்பியருக்கு கிளாஸில் ஐஸ் தண்ணீரை நிரப்பி இரண்டு நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, துடைக்காமல் ஊற்றுங்கள். நம் குழாய்த் தண்ணீர் 28, 30 டிகிரியில் வரும். அதில் அலசினால் பயன் இல்லை. ஐ.பி.ஏ., பேல் ஏல் என்றால் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக, அறையில் இருந்த உலர்ந்த மெல்லிய கிளாஸில் ஊற்றுங்கள். 4 டிகிரி தானாகவே 7, 8-க்கு ஏறிவிடும். காத்திருக்க வேண்டியதில்லை.

ஃப்ரீசரில் வைத்து வெண்பனி பூத்த கிளாஸ் பார்க்க அழகு. ஆனால் அந்தப் பனியின் ஒவ்வொரு துகளும் வாயுவை வெளியே இழுத்து ஊற்றும்போதே நுரையைப் பொங்க வைக்கும், உருகி பீரை நீர்க்க வைக்கும், ஃப்ரீசரில் மீன் இருந்தால் அந்த வாசனையையும் கூடவே கொண்டுவரும்.

கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. அது நுரையைக் கொல்லும். ஊற்றிய பிறகு கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டி நின்றால் கிளாஸ் சுத்தமில்லை என்று பொருள்.

படி 4: கனமான பீரை வெளியே எடுத்து வைத்தல்

30 டிகிரி அறையில், 4 டிகிரியில் இருந்து எடுத்த 330 மி.லி. பாட்டில் 8 டிகிரிக்கு ஏற சுமார் 10 நிமிடம், 12-க்கு ஏற 20 முதல் 25 நிமிடம். ஈரப்பதம் அதிகமான கடலோர ஊர்களில் பாட்டிலின் மேல் நீர் வியர்ப்பதே அதைச் சூடாக்கும் என்பதால் இன்னும் சீக்கிரம். ஏ.சி. அறையில் இதைவிட நேரம் எடுக்கும்.

ஆனால் கிளாஸ் தரும் 3, 4 டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். இம்பீரியல் ஸ்டவுட்டை 12-இல் குடிக்க நினைத்தால், பாட்டில் 8, 9-க்கு வந்தவுடன் ஊற்றிவிடுங்கள். அதாவது 10 முதல் 15 நிமிடம் வெளியே இருந்தால் போதும். எப்போதும் கொஞ்சம் குளிராகவே தொடங்குங்கள். ஏறுவது தானாக நடக்கும், இறக்குவது நடக்காது.

படி 5: ஊற்றி அளந்து பாருங்கள்

கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால் பங்கு ஊற்றி, நிமிர்த்தி, மீதியை நடுவில் ஊற்றினால் இரண்டு விரற்கடை நுரை நிற்கும். ஒரு நிமிடம் கழித்து தெர்மாமீட்டர் முனையைப் பாதி ஆழத்தில் 15 நொடி வையுங்கள். கலக்காதீர்கள், வாயு போய்விடும். ஒரே ஐ.பி.ஏ.வை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை 4 டிகிரியிலும் இன்னொன்றை 9 டிகிரியிலும் மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். நாலைந்து முறை அளந்தபின் தெர்மாமீட்டர் இல்லாமலே கைக்குப் பிடிபட்டுவிடும்.

எதனால் கெடுகிறது?

முதல் வாயிலேயே நனைந்த அட்டை போன்ற வாசனை வந்தால் ஊற்றிய வெப்பநிலை காரணமல்ல, வைத்திருந்த இடம் காரணம். வெயிலில் கிடந்த பீர் வேகமாக மூப்படையும். 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு மூப்பு என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. நீங்கள் எவ்வளவு சரியாகக் குளிர்வித்தாலும் போன புத்துணர்ச்சி திரும்பாது. பச்சை, நிறமற்ற பாட்டில்களில் வரும் குமட்டும் நாற்றம் வேறு: ஒளி பட்டு ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைவதால் வருவது. ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்தால் அந்த நாற்றம் வரும் என்பது தவறான நம்பிக்கை. ஓரிரு முறை அப்படிச் செய்வதால் ஒன்றும் ஆகாது.

650 மி.லி. பாட்டிலை ஒருவரே குடிக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. 30 டிகிரி அறையில் கிளாஸில் இருக்கும் பீர் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். கையால் கிளாஸின் வயிற்றுப்பகுதியைப் பிடித்திருந்தால் இன்னும் வேகம். அதனால் லாகரை ஒரே தடவையில் நிரப்பாமல், 200 மி.லி. அளவாக ஊற்றிக்கொண்டு, இடைப்பட்ட நேரத்தில் பாட்டிலை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். தண்ணீர் பீர் நிற்கும் மட்டம் வரை இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் காலியாகி வரும் பாட்டில் மிதந்து சாய்ந்துவிடும்.