நிட்டினால் கம்பிக்குப் புதிய வடிவத்தைப் பழக்குவது எப்படி?

நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையிலான அணுக்களாகக் கலந்த நிட்டினால், அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் உருவானது. பெயரின் பிற்பாதி அந்த ஆய்வகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே (NOL). குளிர்ந்த நிலையில் இக்கம்பியை வளைக்கும்போது அணுக்கள் தம் அண்டை அணுக்களை விட்டுப் பிரியாமல் சாய்ந்து மட்டுமே கொடுப்பதால், சூடேறியதும் பழைய அடுக்கிற்கே திரும்பிவிடுகின்றன. அந்தப் பழைய அடுக்கை மாற்றுவதுதான் நம் வேலை.

முதலில் 45 முதல் 70 பாகை செல்சியசுக்குள் வடிவம் மீளும் கம்பியைத் தேர்ந்தெடுங்கள், வெந்நீரிலேயே சோதிக்கலாம். அதை எஃகுத் திருகாணியின் மீது சுற்றி, இரு முனைகளையும் அசையாதபடி இறுக்குங்கள். சூடேறும்போது கம்பி வலுவாக நிமிர முயலும் என்பதால், பெரும்பாலான தோல்விகள் இந்த இறுக்கத்தில்தான் தொடங்குகின்றன. துத்தநாகம் பூசிய ஆணி வேண்டவே வேண்டாம். அதன் புகை நச்சு.

பிறகு ஏறத்தாழ 500 பாகை வெப்பமுள்ள உலையில் பத்து நிமிடம் வைத்து, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, இடுக்கியால் எடுத்து உடனே குளிர்நீரில் அமிழ்த்துங்கள். மெழுகுவத்திச் சுடரை நான் பரிந்துரைப்பதில்லை: அது கம்பியைச் சீராகச் சூடாக்குவதில்லை.

குளிர்ந்த கம்பியை நீட்டி வெந்நீரில் இட்டால், அது சுருளாக மீள்வதைக் காணும் கணம் உண்மையிலேயே வியப்பூட்டும். பாதியளவே மீண்டால், மேலும் இறுக்கிக் கட்டி மறுமுறை உலையிலிடுங்கள். பலமுறை இயங்கவேண்டிய கம்பியை 4 விழுக்காட்டுக்கு மேல் திரிபடைய (அதாவது, தன் நீளத்தில் அந்த அளவுக்கு மேல் நீள) விடாதீர்கள்.